பிஜூவின் பத்தியம்

எங்கள் பிஜூ ஜெர்மன் ஷெப்பர்ட். மூன்று வயதில், இரண்டு ஆள் சோறு தின்றும் விலா எலும்பை எண்ணலாம்; அப்படி இளைத்துப்போனான். மலமோ வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு. "பென்ஷன் வாங்கியும் நாய்க்குச் சோறு போடறதில்லை" என்று தெருவில் பேச்சு.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், கணையத்தில் செரிமான நொதி சுரக்கவில்லை என்றார். 'பாங்க்ரேயாஸ்' என்று புதுச்சேரி பிரெஞ்சுப் பள்ளியில் படம் வரைந்து படித்தது. அறுபது வருஷம் கழித்து உபயோகப்பட்டது. குணமாகாதாம், ஆயுசுக்கும் மருந்து.

வேளாவேளைக்குக் குழைந்த சாதம், தோலுரித்த கோழிக்கறியில் நொதிப் பொடியைப் பிசைகிறேன். ஆறின பிறகுதான், சூட்டில் பொடி கெட்டுவிடும். கூடவே பி12 ஊசி. பொடி கலக்காமல் ஒரு வாய் உள்ளே போனாலும் மறுநாள் வயிற்றுப்போக்கு.

ஒருநாள் அப்படியே ஆனது. யார் போட்டதென்று அதட்டினேன்.

"நான்தாங்க. ஒரு துண்டு நெய் ரொட்டி. அது பார்த்த பார்வை தாங்கலை" என்றாள் மனைவி. பிறகு மெதுவாக, "அலமாரியில நீங்க ஒளிச்சு வெச்சிருக்கிற அல்வாவை நான் கேட்டேனா?"

எனக்குச் சர்க்கரை வந்து இருபது வருஷம். அதுவும் அதே கணையம்தான்.

நேற்று பிஜூவை எடை போட்டோம். 27 கிலோ. போன வருஷம் 19. அல்வா டப்பாவைக் காணோம், நான் கேட்கவில்லை.