நிறமும் திறமும்

“நிறத்தைப் பார்க்காதீர்; திறத்தைப் பாருங்கள்!”

கேட்பதற்கு எவ்வளவு இனிய சொற்கள்! மறுப்பதற்கு யாருக்குத்தான் மனம் வரும்? பிறப்பிலே உயர்வு இல்லை, தாழ்வு இல்லை என்று மேடைதோறும் முழங்கிவரும் நம்மவர் நாவிலே ஊறிக்கிடக்க வேண்டிய சொற்களல்லவா இவை! ஆனால் தோழர்களே, ஒரு சொல்லின் பொருளை அகராதியிலே தேடினால் மட்டும் போதாது. அதைச் சொல்பவர் யார், எந்த ஆண்டிலே சொல்லத் தொடங்கினார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

தென்னாப்பிரிக்க ரக்பி அணி முதன்முதலாகப் பிறநாட்டு அணியோடு மோதியது 1891ஆம் ஆண்டில். வெள்ளையரல்லாத ஒருவர், எரோல் டோபியாஸ் என்பவர், அந்த அணியின் சட்டையை அணிந்து அத்தகைய ஆட்டத்திலே இறங்கியது 1981ஆம் ஆண்டில். இடையிலே கழிந்தவை 90 ஆண்டுகள்! பேரரசுகள் சரிந்தன, இரண்டு உலகப் போர்கள் மூண்டு முடிந்தன, மனிதன் நிலவிலே கால் வைத்துத் திரும்பினான். அந்த அணியிலே மட்டும் கறுப்பு மனிதன் கால் வைக்க முடியவில்லை. அந்தத் தொண்ணூறு ஆண்டுகளிலும் “திறத்தைப் பாருங்கள்” என்று கூறியவர் எத்தனை பேர்? நூற்றுக்கு நூறு இடமும் ஒரே நிறத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்கு ஒதுக்கீடு என்று எவரும் பெயர் வைக்கவில்லை. ‘தேர்வு’ என்று வைத்திருந்தார்கள்.

கறுப்பு மக்களுக்கு ரக்பி தெரியாது, அவர்கள் கால்பந்துக்காரர்கள் என்று ஒரு கதை உண்டு. பச்சைப் பொய்! கிழக்குக் கேப் பகுதியிலே பாதிரிமார் நடத்திய பள்ளிகளில் பயின்ற கோசா இன இளைஞர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே அதை ஆடக் கற்றார்கள். தமக்கெனக் கழகங்கள் கண்டார்கள். தந்தைக்குப் பின் தனயன் என்று ஆடி வந்தார்கள். ஆடத் தெரியாமல் வெளியே நின்றவர்களல்லர் அவர்கள். ஆடத் தெரிந்தும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள்.

தம் வீட்டு வாயிலை அடைத்ததோடு ஆட்சியாளர்கள் அமைதி கொண்டார்களா? இல்லை, அடுத்த வீட்டுக்காரன் யாரை அழைத்து வரலாம் என்பதற்கும் ஆணை பிறப்பித்தார்கள். நியூசிலாந்து அணியிலே மாவோரி மக்கள் ஆடுவது வழக்கம். அவர்கள் அம்மண்ணின் மைந்தர்கள். தென்னாப்பிரிக்காவுக்கு வரும் அணியிலே அவர்கள் இருத்தலாகாது என்றது வெள்ளை ஆணவம். வெட்கக்கேடு என்னவென்றால், நியூசிலாந்தும் பணிந்தது! 1928, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் மாவோரிகளை நிறுத்திவிட்டே அந்த அணி புறப்பட்டது. 1960இல் அந்நாட்டிலே ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர், மாவோரிகள் இல்லையேல் பயணமும் இல்லை என்று கையெழுத்திட்டார்கள். கையெழுத்துகள் நின்றன, அணி போயிற்று. ஆனாலும் அந்த எதிர்ப்பு வீணாகவில்லை. 1967இல் செல்லவிருந்த பயணம் இதே காரணத்தால் கைவிடப்பட்டது.

பிறகு வந்ததே 1970! அந்த வேடிக்கையை விளக்கமாகச் சொல்லத்தான் வேண்டும். மாவோரிகள் மூவரும், சமோவா வழிவந்த ஒருவரும் அந்த ஆண்டு அணியிலே இடம் பெற்றார்கள். தடுத்தால் பயணமே நின்றுவிடும்; விட்டால் சட்டம் சிரிக்கும். என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த நால்வருக்கும் ‘கௌரவ வெள்ளையர்’ என்று பட்டம் சூட்டினார்கள்! அவர்கள் மேனியின் நிறம் மாறிற்றா? இல்லை. பிறப்பு மாறிற்றா? அதுவும் இல்லை. எழுதுகோலின் ஒரு கீறலால் மாற்றிவிடக்கூடியதைத்தான், இயற்கையின் கட்டளை என்றும் கடவுளின் திருவுள்ளம் என்றும் கூறி, மக்களைப் பிரித்து வைத்திருந்தார்கள். நிறவெறியின் பொய்ம்மையை அதன் பகைவர் எழுதிய நூல்களைவிட, அது தானே சூட்டிய இந்தப் பட்டம் நன்றாக அம்பலப்படுத்திவிட்டது என்பேன்.

1976இல் நியூசிலாந்து மீண்டும் தென்னாப்பிரிக்கா சென்றது. அதைக் கண்டிக்கும் முகத்தான் இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் மான்ட்ரியல் ஒலிம்பிக்கைத் துறந்தன. 1981இல் தென்னாப்பிரிக்கர் நியூசிலாந்துக்கு வந்தபோது அந்நாடே இரண்டாகப் பிளந்தது. ஹாமில்டன் நகரிலே வேலியைப் பிய்த்தெறிந்து திடலின் நடுவே மக்கள் நின்றார்கள், ஆட்டம் நடக்கவில்லை. ஆக்லாந்திலே சிறு விமானம் ஒன்று ஆடுகளத்தின் மேல் மாவு மூட்டைகளைப் பொழிந்தது. ஆட்டம் வேறு, அரசியல் வேறு என்று அப்போதும் சிலர் ஓதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இவற்றையெல்லாம் நான் நூலகத்திலே மட்டும் கற்கவில்லை. 2019ஆம் ஆண்டு, பணியின் பொருட்டுச் சில திங்கள் ஜோகன்னஸ்பர்க் நகரிலே தங்கியிருந்தேன். ரக்பி ஆட்டத்தை அதுவரை நான் கண்டதில்லை. முட்டை வடிவப் பந்து. பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையிலே தூக்கி ஓடலாம், ஓடுபவனை மடக்கி வீழ்த்தலாம், கையால் முன்னே எறிதல் மட்டும் கூடாது. நம் சடுகுடுவையும் கால்பந்தையும் சேர்த்துப் பிசைந்தாற்போல இருக்கும். இதை எனக்குப் பொறுமையாகக் கற்பித்தவர் என் அலுவலகத்து ஆப்பிரிக்கானர் நண்பர். டச்சுக்காரர் வழிவந்தவர், நல்ல மனிதர், நோயுற்றபோது எனக்குக் கஞ்சி கொண்டுவந்தவர். “நிறத்தைப் பார்க்காதீர்” என்ற வாசகத்தை நான் கேட்டதும் அவர் வாயிலிருந்துதான்.

உலகக் கோப்பைக்கு அணி தேர்ந்தெடுக்கப்படும் காலம் அது. பகலுணவு வேளைதோறும் வாதம் நடக்கும். 2019க்குள் அணியிலே பாதிப்பேர் வெள்ளையரல்லாதவராக இருத்தல் வேண்டும் என்று ரக்பி ஆட்சிக் குழுவே குறிக்கோள் வகுத்திருந்தது. வெள்ளையரோ அந்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. பாதி இடத்தை அவர்களுக்கு விட்ட பிறகும் ‘ஐயோ அநீதி’ என்ற கூக்குரல்! நண்பர் அப்படிக் கூவுபவரல்லர். அவர் வாதம் நுட்பமானது. “தலைகளை எண்ணி அணி அமைத்தால், உண்மையிலேயே திறமையால் வந்த கறுப்பு இளைஞனுக்கும் அது இழுக்கு. அவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும், சலுகையால் வந்தவன் என்றுதானே பேசுவார்கள்?” என்பார்.

எதிரே அமர்ந்திருப்பவர் கணக்குப் பிரிவு முதியவர். கிழக்குக் கேப் பகுதிக் கோசா இனத்தவர். அவர் இளமையிலே தந்தையோடு ஆட்டம் பார்க்கச் செல்வாராம். கறுப்பருக்கென்று கம்பி போட்டு ஒதுக்கிய மூலையிலே நின்று, வந்த அணி எதுவாயினும் அதற்கே வெற்றி முழக்கம் எழுப்புவாராம். சொந்த நாடு தோற்க வேண்டும் என்று! “பேசுவார்கள் என்றீரே, யார் பேசுவார்கள்? என் தெருவிலே எவரும் அப்படிப் பேசுவதில்லையே” என்று கேட்டுவிட்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

நண்பர் சொன்னதிலே உண்மையே இல்லையென்று நான் கூறமாட்டேன். 1995ஐ எண்ணிப் பாருங்கள். மண்டேலா பச்சைச் சட்டை அணிந்து வந்து கோப்பையை வழங்கிய காட்சியை உலகமே கண்டு உருகியது. அந்த அணியிலே வெள்ளையரல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவரே. மேற்குச் சமோவாவுக்கு எதிரான ஆட்டத்திலே நான்கு முறை கோடு கடந்து பந்தை ஊன்றியவர். நாடெங்கும் அவர் முகத்தை விளம்பரப் பலகைகளிலே ஏற்றினார்கள். ஆனால் அணிக்குள்ளே தாம் நிறத்தால் இழிவுபடுத்தப்பட்டதைப் பின்னாளிலே அவரே வெளியிட்டார். பலகையிலே பெருமை, பாசறையிலே சிறுமை! இதற்கு மருந்து அவரையும் எடுக்காமல் விடுவதா, அல்லது அவரைப்போல் இன்னும் ஐவரை எடுப்பதா? தனியாய் நிற்பவனைத்தான் ‘சலுகைக்காரன்’ என்று சுட்டுவது எளிது.

தகுதி, திறமை என்ற கூப்பாடு நமக்குப் புதிதா? நீதிக்கட்சி 1921இல் வகுப்புவாரி உரிமைக்கு ஆணையிட்ட நாள்முதல் நம் காது கேட்டுப் புளித்ததுதானே!

வெள்ளை நண்பரோ, முதியவரோ, இருவருமே அறிந்த ஓர் உண்மை உண்டு. தேர்வுக் குழு கூடும் நாளிலே நடப்பது தேர்வின் கடைசி அடி. முதல் அடி வைக்கப்படுவது பள்ளித் திடலில். 1950இல் குடியிருப்புகளைப் பிரித்தார்கள். 1953இல் கறுப்புப் பிள்ளைகளுக்கென்று மட்டமான கல்வியைச் சட்டமாக்கினார்கள். புல் விரித்த திடலும் பயிற்சியாளரும் சத்துணவும் ஒரு பக்கம். கல்லும் புழுதியும் பசியும் மறுபக்கம். சட்டங்கள் போயின, திடல்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இதற்குச் சான்று சியா கோலிசியே. 2018இல் தென்னாப்பிரிக்க அணிக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பு ஆப்பிரிக்கர். போர்ட் எலிசபெத் நகரை ஒட்டிய ஸ்விடே குடியிருப்பிலே, பாட்டியின் கையிலே வளர்ந்தவர். மாநிலத் தேர்வு ஆட்டத்துக்கு முறையான கால்சட்டை இல்லாமல் உள்ளாடையோடு ஆடியவர். பன்னிரண்டு வயதிலே ஒரு போட்டியில் கண்டெடுக்கப்பட்டு, உதவித்தொகையோடு ‘கிரே’ என்னும் புகழ்பெற்ற பள்ளியிலே சேர்க்கப்பட்டார். 2007இல் நாடு கோப்பை வென்றபோது, வீட்டிலே தொலைக்காட்சி இல்லாமல், மதுக்கடையிலே நின்று பார்த்த பையன் அவர். வீரர்தாம், ஐயமில்லை. ஆனால் அந்தப் போட்டியின் நாளன்று அவர் காய்ச்சலிலே படுத்திருந்தால்?

இறுதி ஆட்டத்துக்கான பெயர்ப் பட்டியல் செய்தித்தாளிலே வந்த அன்று முதியவர் பென்சிலை எடுத்தார். பதினைந்து பேரில் கறுப்பர், கலப்பினத்தவர் அறுவர். 1995இல் ஒருவர், 2007இல் இருவர், இப்போது அறுவர். நண்பர் முகமலர்ந்து, “பார்த்தீரா, இவர்களைச் சலுகை என்று எவன் சொல்வான்?” என்றார். முதியவர் விடை கூறாமல் பெயர்களுக்குப் பக்கத்திலே பள்ளிகளை எழுதத் தொடங்கினார். கோலிசி — கிரே. ம்தவாரிரா — ஜிம்பாப்வேயின் பீட்டர்ஹவுஸ். இப்படியே போய், மபிம்பி என்ற பெயரிலே பென்சில் நின்றது. சிற்றூர்ப் பையன், பெயர்பெற்ற ரக்பிப் பள்ளி எதிலும் படியாதவன். அந்தப் பெயரின் கீழே இரண்டு கோடு இழுத்தார்.

அந்த நவம்பர் 2ஆம் நாள், யோக்கோகாமாவில், இங்கிலாந்தை 32க்கு 12 என்று வென்றார்கள். அதற்கு முன் வென்ற இரண்டு இறுதி ஆட்டங்களிலும் தென்னாப்பிரிக்கர் உதைகளால் மட்டுமே புள்ளி சேர்த்தவர்கள்; எவரும் கோடு கடந்து பந்தை ஊன்றியதில்லை. முதலில் ஊன்றியவன் மபிம்பி. அடுத்து ஊன்றியவர் செஸ்லின் கோல்பே, கலப்பினத்தவர். அலுவலகக் கூடத்திலே திரையின் முன் நண்பர் கண்ணீர் விட்டார், முதியவரைக் கட்டிக்கொண்டார். அது நடிப்பன்று.

திங்கட்கிழமை உணவு வேளையிலே முதியவர் மெல்லக் கேட்டார்: “உம் மகன் படிக்கும் பள்ளியிலே திடல் எத்தனை?”

“ஆறு.”

“என் பேரன் பள்ளியிலே ஒன்று. அதிலே இருபாலாரும் காலையிலே வரிசையில் நிற்கவேண்டும், ஆட நேரமில்லை.”

நண்பர் அதற்கு மேல் அன்று பேசவில்லை.

2023இல் பாரிசு நகரை அடுத்த திடலிலே நியூசிலாந்தை 12க்கு 11 என்று வென்று, கோலிசி மீண்டும் கோப்பையை ஏந்தியபோது நான் சென்னையில் இருந்தேன். முதியவரிடமிருந்து தொலைபேசியில் செய்தி வந்தது. வெற்றியைப் பற்றி ஒரு வரி. பேரனின் பள்ளிக்கு எங்கிருந்தோ பத்துப் பந்துகள் வந்து சேர்ந்தன, பக்கத்து நிலத்தைத் திடலாக்க எழுதிய விண்ணப்பத்துக்கு இன்னும் விடை வரவில்லை என்று மூன்று வரி.