மாரிக்கு முன் நான்கு டயர்

மாரி தொடங்கப் போகிறது. அதற்கு முன் எங்கள் வீட்டு டயர்க் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம்தான். வாகனம் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். கல்முனைப் பக்கம் வீடு, நாவிதன்வெளிப் பக்கம் பாடசாலை. கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டித்தான் தினமும் போய்வர வேண்டும். லீசிங்கில் எடுத்த பழைய சுசுகி அல்டோ ஒன்றுதான் எங்கள் வாகனம்.

போன மாரியில் ஒரு காலை. நல்ல மழை. வயல் பக்கமிருந்து மாடொன்று வீதிக்கு ஏறியது. பிரேக் பிடித்தோம், கார் நிற்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினோம், அதுவும் கேட்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய் வாய்க்கால் ஓரத்துப் புல்லில் நின்றது. பின் சீற்றில் எங்கள் இரண்டு பிள்ளைகள். யாருக்கும் ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். மாடு திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. ஆனால் சின்னவள் அதற்குப் பிறகு மழை நாளில் காரில் ஏற மறுத்து அழுவாள். அந்த மாரி முடியும் வரை மழை பெய்தால் அவளுக்கு ஓட்டோதான்.

அன்று பின்னேரம்தான் குனிந்து டயரைப் பார்த்தோம். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறிய மேடுகள் இருக்கும். உயரம் 1.6 மில்லிமீற்றர். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்கு மட்டமாக வந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது என்று அர்த்தம். எங்கள் முன் டயர் இரண்டும் அந்த மட்டத்தில்தான் இருந்தன. புதிய டயரில் பள்ளம் 7, 8 மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். அது அலங்காரத்துக்கு வெட்டியதல்ல, வீதியில் நிற்கும் தண்ணீரை வெளியே தள்ளுகின்ற வாய்க்கால். வாய்க்கால் தூர்ந்தால் வயலில் தண்ணீர் நிற்பதைப் போலத்தான் இதுவும். தண்ணீர் வெளியேற வழியில்லை என்றால் டயர் அதன் மேல் மிதக்கும். மிதக்கும் டயருக்கு பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

கைவசம் இருந்த காசுக்கு இரண்டு பழைய டயரைப் போட்டு அந்த மாரியைக் கடத்தினோம். இந்த வருடம் சீட்டுக் காசு 85,000 ரூபாய் கைக்கு வந்தது. நான்கையும் மாற்றிவிடுவோம் என்று புறப்பட்டோம்.

பழைய உதிரிப்பாகக் கடை ஒன்றில் ஒரு செற் காட்டினார்கள். ஜப்பான் காரிலிருந்து கழற்றிய 14 அங்குல அலோய் ரிம் நான்கு, டயரோடு. டயரில் பள்ளம் அப்படியே புதிதுபோல ஆழமாக இருந்தது. விலையும் சரியாக 85,000. பெரியவன் ரிம்மைத் தடவிக்கொண்டு நகரவே மாட்டேன் என்றான். மறைப்பதற்கு என்ன, எங்களுக்கும் ஆசைதான். பாடசாலை வளவில் மற்றவர்களின் கார்களுக்குப் பக்கத்தில் எங்கள் அல்டோவும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்குமே!

படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். பிள்ளைகளின் மாமா கனடாவில், மொன்றியலில் இருக்கிறார். வாகனப் பைத்தியம். டொயோட்டா 86 என்ற ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார். உடனே அழைப்பு வந்தது.

"மச்சான், காசு குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். டயர்ர பக்கத்துல எழுதியிருக்கிறதப் பாருங்க. ஸ்டட்லெஸ். அது ஐஸ்ல ஓடுற டயர். எடுத்துராதீங்க."

பிறகு விளக்கமாகச் சொன்னார். அவர் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போடுவது சட்டம். சாதாரண டயரின் ரப்பர் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கிவிடும், வீதியைப் பிடிக்காது. குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்தது. பனியைப் பிடிப்பதற்காக அதில் நுண்ணிய வெட்டுகளும் நிறைய இருக்கும். அதே டயரை 30 பாகை வெயிலில் ஓட்டினால் அளவுக்கு மீறி இளகிவிடும். கெதியாகத் தேயும். மழை வீதியில் நிற்க எடுக்கும் தூரமும் கூடும். அங்கே உயிர் காக்கும் டயர் இங்கே ஆபத்து. கடைக்காரர் எங்களை ஏமாற்றவில்லை. அவருக்கும் அது தெரியாது.

"அப்ப ரிம்ம மட்டும் எடுத்து வேற டயர் போட்டா?" என்று கேட்டோம். ஆசை விடவில்லை.

மாமா சிரித்தார். அவருடைய காருக்குக் கோடையில் 17 அங்குல ரிம். குளிர் வந்தால் அதைக் கழற்றிவிட்டு 16 அங்குல ரிம்தான் போடுகிறார். டயரும் 215இலிருந்து 205ஆக ஒடுங்கும். ஒடுங்கிய டயர் பனியை வெட்டிக்கொண்டு இறங்கும், பக்கச் சுவர் உயரமாக இருந்தால் பனிக்குள் மறைந்திருக்கும் குழியில் ரிம் அடிபடாது என்றார். "நான் ஸ்போர்ட்ஸ் காருக்கே சின்ன ரிம் போடுறன். நீங்க அல்டோவுக்குப் பெரிய ரிம் தேடுறீங்க."

அன்றிரவு பெரியவனின் கணிதக் கொப்பியிலேயே கணக்குப் போட்டோம். எங்கள் பழைய அளவு 145/80R12. அதாவது அகலம் 145 மில்லிமீற்றர், பக்கச் சுவர் அதன் 80 சதவீதம், ரிம் 12 அங்குலம். சுவர் 116 மில்லிமீற்றர் வந்தது. அலோய் ரிம்மோடு வந்தது 165/55R14. சுவர் ஏறக்குறைய 91. சில்லின் மொத்த உயரம் இரண்டிலும் 537தான். ஆக, ரிம் பெருத்த அளவுக்கு ரப்பர் குறைகிறது. அகலம் 20 மில்லிமீற்றர் கூடுவதால் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடுகிறது. மழை வெள்ளத்தில் குழி தெரியாத எங்கள் வீதிக்கு எது பொருத்தம் என்று அவனிடமே கேட்டோம். கொஞ்ச நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். "பழைய ரிம்தான்" என்றான், மனமில்லாமல்.

அடுத்த நாள் அதே 12 அங்குல இரும்பு ரிம்முக்கே நான்கு புதிய டயர் வாங்கினோம். 68,000 ரூபாய். வாங்கும்போது உற்பத்தித் திகதியும் பார்த்தோம். டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3520 என்றால் 2020ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். ஓடாமல் ராக்கையில் இருந்தாலும் ரப்பர் வயதாகும். முதலில் எடுத்து வந்தது பழையது. மாற்றிக் கேட்டோம், முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்கள். மிச்சக் காசில் அலைன்மன்ட், பெலன்சிங். பெரியவனுக்காக ஒரு டின் வெள்ளி நிற ஸ்ப்ரே. ரிம் நான்குக்கும் அவனே அடித்தான். தூரத்தில் நின்று பார்த்தால் அலோய் மாதிரித்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். டயர் புதிது என்ற தைரியத்தில் வீதியைக் குறுக்கறுத்து ஓடும் வெள்ளத்துக்குள் இறங்காதீர்கள். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு வெள்ளம் கொண்டுபோன பிள்ளைகளை நாம் யாரும் மறக்கவில்லை. அவ்வளவு பெரிய சில்லுக்கே தண்ணீர் வழிவிடவில்லை. தாம்போதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால் நாங்கள் திரும்பி வந்து லீவு போடுவோம். பாடத்தைப் பிறகு படிப்பித்துக்கொள்ளலாம்.

போன கிழமை முதல் மழை பெய்தது. சின்னவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இது மாமா சொன்ன டயரா?" என்று கேட்டாள். ஓம் என்றோம். ஏறினாள். பாடசாலை வரும் வரை காக்காவின் கையை விடவில்லை. ஆனால் ஏறினாள்.

இதை வாசித்து முடித்ததும் ஒரு டோர்ச்சை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போங்கள். மோட்டார் சைக்கிளோ, ஓட்டோவோ, காரோ, டயரின் பள்ளத்தைப் பாருங்கள், திகதியைப் பாருங்கள், காற்றைப் பாருங்கள். இரண்டு புதிய டயருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் காரில் அவற்றைப் பின்பக்கம் போடுங்கள். பின்பக்கம் வழுக்கினால் வாகனம் சுழன்றுவிடும். உங்கள் டயர் எந்த வருடத்தது என்று கீழே எழுதுங்கள். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் முற்றத்துக்குப் போவார், இன்ஷா அல்லாஹ்.