எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைக்குச் சந்தா கட்டப் போறீங்களா?

அக்கா மகன் பாலிடெக்னிக்ல முதல் வருசம் படிக்கிறான். போன மாசம் வந்து, "மாமா, பார்த்துச் செய்யுற மாதிரி நல்ல எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை ஒண்ணுக்கு வருசச் சந்தா கட்டலாம்னு இருக்கேனுங்க. எது வாங்கட்டும்?"னு கேட்டான். லீவு நாள்ல தேங்காய் உரிச்சுச் சேர்த்த காசு அது.

ஒரு விவசாயிகிட்ட வந்து இதை எதுக்குக் கேட்கிறான்னு நினைப்பீங்க. பத்தாவது முடிச்ச கையோட ரெண்டு வருசம் டவுன்ல ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில இருந்தேன். அப்பாவுக்கு முடியாம போன பிறகுதான் தோட்டத்துக்கு வந்தது. அந்தக் கடைக்காரர் மாசாமாசம் ரெண்டு பத்திரிகை வாங்குவார். ஒண்ணு டெல்லியில இருந்து வர்ற 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ', 1969ல ஆரம்பிச்சது. இன்னொண்ணு ஹாலந்துக்காரங்களோட 'எலெக்டார்', அதோட இந்தியப் பதிப்பு. இது போக, கோவை உக்கடம் பழைய புத்தகக் கடையில பொறுக்கின வெளிநாட்டு இதழ்களும் ஒரு கட்டு இருக்கும். கடையில கூட்டம் இல்லாத நேரம் அதைப் புரட்டுறதுதான் எனக்கு வேலை. இங்கிலீஷ் பாதி புரியும், பாதி புரியாது. ஆனா சர்க்யூட் படம் எந்த ஊர்க்காரனுக்கும் ஒண்ணுதானே.

பையன் பொழுதுபோக்குக்காகக் கேட்கல. போன கோடையில அக்கா தோட்டத்துல ராத்திரி மும்முனை கரண்ட் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானா மோட்டாரைப் போட்டுடுச்சு. கிணத்துல தண்ணி இல்ல. விடியறதுக்குள்ள காயில் கருகிப்போச்சு. காயில் கட்டுன செலவு ஒரு பக்கம், தண்ணியில்லாம வாடின வாழை ஒரு பக்கம். தண்ணி இறங்கினா மோட்டாரை நிறுத்துற ஒரு பெட்டியைத் தானே செய்யணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டான். அதனால தப்பான பத்திரிகை வாங்கினா சந்தாக் காசோட போறதில்ல. மோட்டார் போகும், ஆளுக்கே கூட ஆபத்து.

"உடனே கட்டாத கண்ணு. உங்க காலேஜ் நூலகத்துல தொடர்ச்சியா மூணு மாச இதழ் எடுத்துட்டு வா"ன்னேன். ஒரே ஒரு இதழைப் பார்த்தா எல்லாமே நல்லாத்தான் தெரியும். மூணையும் வரிசையா வெச்சா, போன மாசச் சர்க்யூட்ல இருந்த தப்பை இந்த மாசம் திருத்திப் போட்டிருக்காங்களான்னு தெரிஞ்சுடும். 'படத்துல டையோடு தலைகீழா இருக்கு, மாத்திக்கவும்'னு ஒரு மூலையில சின்னதா போட்டிருப்பாங்க. அப்படித் திருத்தம் வர்ற பத்திரிகையை நான் நம்புவேன். யாரோ ஒரு வாசகர் செஞ்சு பார்த்திருக்கார், எழுதியிருக்கார், இவங்களும் ஒத்துக்கிட்டிருக்காங்க. திருத்தமே வராத பத்திரிகைன்னா, ஒண்ணு அதைப் பார்த்து யாரும் எதையும் செய்யறதில்ல, இல்லைன்னா சொன்னாலும் இவங்க கேட்கிறதில்ல.

அட்டையைப் பார்த்து எதையும் முடிவு பண்ண முடியாது. அமெரிக்காவுல 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்'னு ஒரு பத்திரிகை. 1975 ஜனவரி அட்டையில ஆல்டேர் 8800னு ஒரு கம்ப்யூட்டர் படம் போட்டாங்க. வீட்டுலயே பூட்டிக்கிற கம்ப்யூட்டர். பில் கேட்ஸும் பால் ஆலனும் மைக்ரோசாஃப்ட் தொடங்கினதுக்கு அந்த இதழ்தான் பொறி. ஆனா அட்டையில இருந்தது வெறும் பெட்டி. நிஜப் பெட்டி அனுப்புற வழியில தொலைஞ்சு போனதால, சுவிட்சும் விளக்கும் மட்டும் வெச்ச டப்பாவைப் படம் எடுத்தாங்களாம். சரக்கு உள் பக்கத்துலதான் இருந்துச்சு.

உள்ளே போனா முதல்ல பாக வேண்டியது பாகங்களோட பட்டியல். அதுல உள்ளது நம்ம டவுன்ல கிடைக்குமா? பிசி547 டிரான்சிஸ்டர், 1என்4007 டையோடு, 555 ஐசி எல்லாம் எந்த ரேடியோ கடையிலயும் கிடைக்கும். சென்னைக்காரங்களுக்கு ரிச்சி தெரு இருக்கு, கவலையில்ல. எங்களுக்கு ஒரு ஐசிக்காக பஸ் ஏறினா அரை நாள் கூலி போச்சு. எழுபதுகள்ல வந்த 'எலெக்டார்' இதழ்கள்ல இதுக்கு ஒரு வழி வெச்சிருந்தாங்க. டிரான்சிஸ்டர் நம்பருக்குப் பதிலா 'டன்', 'டப்'னு போட்டிருப்பாங்க. இன்ன தகுதி இருக்கிற எந்த சாதா டிரான்சிஸ்டரையும் போட்டுக்கலாம்னு அர்த்தம், தனியா அட்டவணையும் இருக்கும். இந்த ரகம் இல்லைன்னா அந்த ரகம் போடுன்னு நாம விதைக்குச் சொல்ற மாதிரிதான்.

அடுத்தது, ஏன்னு சொல்றாங்களான்னு பாருங்க. ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு போட்டிருப்பாங்க. ரிலே விடுபடும்போது காயில்ல இருந்து எதிர்ப்பக்கமா வோல்டேஜ் எகிறி டிரான்சிஸ்டரைத் தின்னுடும், அதைத் தடுக்கத்தான் அது. இந்த ஒரு வரி எழுதியிருந்தா, அடுத்த தடவை பையன் படம் பார்க்காமலே அந்த டையோடைப் போடுவான். வெறுமனே 'படத்தின்படி இணைக்கவும்'னு முடிச்சிருந்தா, கெட்டுப்போன அன்னைக்கு அவனால ஒண்ணும் பண்ண முடியாது.

பையன் கொண்டு வந்த ரெண்டு பத்திரிகையிலயும் தண்ணி மட்டம் பார்க்கிற சர்க்யூட் இருந்துச்சு. ஏறக்குறைய ஒரே படம். ஒண்ணுல செம்புக் கம்பியைத் தண்ணியில விடுன்னு மட்டும் இருந்துச்சு. இன்னொண்ணுல, தண்ணிக்குள்ள எப்பவும் டிசி கரண்ட் ஓடினா செம்பு அரிச்சுப் போகும், துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போடுன்னு இருந்துச்சு. ரெண்டையும் ரெண்டு வாளியில செஞ்சு வெச்சான். பத்தே நாள்ல செம்புக் கம்பி பச்சை பூத்துருச்சு. எஃகுக் கம்பிக்கு ஒண்ணும் ஆகல. கிணத்துக்குள்ள அது நடந்திருந்தா, தண்ணி இருக்கும்போதே இல்லைன்னு காட்டி மோட்டார் நின்னுருக்கும். எந்தப் பத்திரிகை நல்லதுன்னு அதுக்கப்புறம் என்னை அவன் கேட்கல. ரெண்டாவதுக்குச் சந்தா கட்டிட்டான்.

கரண்ட் விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க. அமெரிக்கப் பத்திரிகைன்னா அவங்க ஊர்ல 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அவங்க டிரான்ஸ்ஃபார்மரை அப்படியே நம்ம பிளக்குல சொருகினா புகைதான் வரும். டிரான்ஸ்ஃபார்மரே இல்லாம நேரா மெயின்ஸ்ல இருந்து எடுக்கிற சர்க்யூட்டை, எச்சரிக்கை எதுவும் இல்லாம போடுற பத்திரிகை வீட்டுக்குள்ளயே வேண்டாம். அந்தச் சர்க்யூட்ல எந்த இடத்துல கை பட்டாலும் ஷாக் அடிக்கும். சின்ன ரிலேயில மோட்டார் கரண்டை நேரா விடச் சொல்றதும் அப்படித்தான். ரிலே ஸ்டார்ட்டரோட காயிலை மட்டும்தான் விடுவிக்கணும், மோட்டாரை நிறுத்துறது ஸ்டார்ட்டர் வேலை.

இப்ப ஆர்டினோ போர்டு வெச்சுச் செய்யற புராஜெக்ட்தான் நிறைய வருது. நல்லதுதான். அதுக்கான புரோகிராமை முழுசா, திருத்துற மாதிரி தர்றாங்களான்னு பாருங்க. ஏத்தினா ஓடுற கோப்பை மட்டும் குடுத்தா, உங்க கிணத்து ஆழத்துக்கு ஏத்த மாதிரி ஒரு நம்பரைக்கூட மாத்த முடியாது. அதே மாதிரி பிசிபி படத்தை நிஜ அளவுலயே அச்சடிக்கிறாங்களான்னும் பாருங்க. அப்படியே நகல் எடுத்து, பெயிண்ட்ல கோடு போட்டு, ஃபெரிக் குளோரைடுல அரிச்சு எடுக்கலாம். அந்தக் காலத்துல நாங்க அப்படித்தான் செஞ்சோம்.

பையனோட பெட்டி இப்ப வாளியில, 12 வோல்ட் பல்பு வெச்சு ஓடுது. தண்ணியை எடுத்தா பல்பு அணையும். மோட்டார்ல இன்னும் மாட்டல. ஸ்டார்ட்டர் பெட்டியில இருக்கிறது 415 வோல்ட். லைன்மேன் வேலை தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருந்தாத்தான் அதைத் திறக்கணும்னு சொல்லிட்டேன். கோடைக்கு இன்னும் நாள் இருக்கு.

டவுன்ல இருக்கிறவங்ககிட்ட ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பரண்ல இந்த மாதிரி பழைய இதழ்க் கட்டு இருந்தா எடைக்குப் போட்டுடாதீங்க. பக்கத்துல இருக்கிற அரசுப் பள்ளிக்கோ பாலிடெக்னிக்குக்கோ குடுங்க. 555 ஐசி வந்தது 1972ல. அதை வெச்சு நான் அந்தக் கடையில செஞ்ச சர்க்யூட்டை இன்னைக்குக் கடையில பாகம் வாங்கி அப்படியே செஞ்சாலும் ஓடும்.