மேற்கே எழும் மேகம்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு ஜூன் மாதத்தின் முதல் நாள் தனிச்சிறப்புடையது. கேரளக் கரையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாளென்று வானிலைத் துறையினர் குறித்திருப்பது அந்நாளையே. முல்லைப் பெரியாறு அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில், லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை விரிந்து கிடக்கும் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தின் முதற்போகத்திற்குத் தண்ணீர் திறப்பதும் வழக்கமாக அன்றுதான். உலகின் மறுபக்கத்தில் அட்லாண்டிக் பெருங்கடலின் புயற்பருவத்தையும் அதே நாளிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள் என்று படித்தபோது நமக்குச் சற்று வியப்பாகவே இருந்தது. எங்கெங்கோ இருக்கும் மனிதர்கள் ஒரே நாளில் வானத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்குகிறார்கள்!

நம் பள்ளத்தாக்கிலிருந்து கடல் தெரியாது. மேற்கே மலை மறைத்து நிற்கிறது. அதற்கப்பால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் அரபிக்கடல். ஆயினும் மே மாதக் கடைசியில் இராயப்பன்பட்டியிலும் அனுமந்தன்பட்டியிலும் திருப்பலி முடிந்து வெளியே வரும் பெரியவர்கள் முதலில் நோக்குவது மேற்குத் திசையைத்தான். கூடலூருக்கு மேலே மலைமுகட்டில் மேகம் படிந்திருக்கிறதா, கணவாய் வழியே இறங்கும் மேல்காற்றில் ஈரம் உண்டா என்று கவனிக்கிறார்கள். விடியுமுன் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் மாலையில் திரும்பும்போது, அவற்றின் தார்ப்பாய் நனைந்திருக்கிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. வானொலி சொல்லுமுன் தார்ப்பாய் சொல்லிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதை நாம் குறைத்து மதிப்பதில்லை. மேற்கே மேகம் எழக் கண்டதும் மழை வருமென்றும், தெற்கிலிருந்து காற்றடித்தால் வெப்பம் மிகுமென்றும் மக்கள் சொல்வதை ஆண்டவரும் கவனித்திருந்தார். லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் அதையே தம் போதனைக்கு எடுத்துக்கொள்கிறார். காலத்தின் குறியை உணராததற்காக அவர்களைக் கடிந்தாரேயொழிய, வானத்தின் குறியைப் படித்ததற்காகக் கடியவில்லை.

ஆனால் நம் பெரியவர்களின் கண்ணுக்கு எட்டாத ஒன்று மலைக்கப்பால் நிகழ்கிறது. பருவக்காற்று தொடங்கும் வேளையில், சில ஆண்டுகளில், தென்கிழக்கு அரபிக்கடலில் ஒரு காற்றுச்சுழல் தோன்றும். அது வலுக்குறைந்ததாய்க் கரையோரத்தில் அடங்கிக் கிடந்தால், மேல்காற்றை இழுத்து மலைமீது மோதச் செய்யும். தேக்கடியில் மழை கொட்டும். அணையில் நீர் ஏறும். அதுவே வலுத்துப் புயலாகி வடக்கே விலகிச் சென்றால், காற்றின் ஈரத்தையும் தன்னோடு வாரிக்கொண்டு போய்விடும். 2019ஆம் ஆண்டில் பருவமழை ஜூன் 8 அன்று கேரளத்தில் தொடங்கியதாக அறிவிக்கப்பட்டது. இரண்டே நாளில் ‘வாயு’ உருவாகிக் குஜராத்தை நோக்கிப் போயிற்று. 2023ஆம் ஆண்டிலும் அறிவிப்பு ஜூன் 8 அன்றுதான். அதற்கு முன்பே கடலில் பிறந்துவிட்ட ‘பிபர்ஜாய்’ பத்து நாளுக்கு மேல் அரபிக்கடலில் உலவி, ஜூன் 15 அன்று குஜராத்தின் ஜக்காவு அருகே கரையேறியது. இரு ஆண்டுகளிலும் கேரளத்தின் ஜூன் மழை வெகுவாகக் குறைந்தது. தொடங்கிவிட்டதாக அறிவிக்கப்பட்ட மழை தொடங்காமல் நிற்பது எத்தகைய வேதனை என்பதை நாற்றங்கால் பாவிவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் கேட்க வேண்டும்.

எந்தச் சுழல் புயலாகும், எது கலைந்து போகும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்வது கடினம். கடல்நீரின் வெப்பம், மேலடுக்குக் காற்றின் திசையும் வேகமும், சூழ்ந்துள்ள காற்றின் ஈரம் ஆகிய எல்லாம் ஒத்துவர வேண்டும். அட்லாண்டிக்கிலும் இதே நிலைதான். ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 காற்றலைகள் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையைக் கடந்து கடலில் இறங்குகின்றன. ஒரு சிலவே புயலாகின்றன. ஜூன் மாதத்தில் வருபவை பெரும்பாலும் சகாராவின் வறண்ட தூசிக்காற்றில் சிக்கியோ, மேலடுக்குக் காற்றால் கிழிபட்டோ மறைந்துவிடுகின்றன. ஆயினும் ஒன்றையும் விடாமல் பார்க்கிறார்கள். கர்மேல் மலையில் எலியா தம் பணியாளனை ஏழு முறை கடலைப் பார்த்து வர அனுப்பினார். ஏழாம் முறை தெரிந்த கையளவு மேகத்தைப் பற்றி நாம் பல மறையுரைகள் கேட்டிருக்கிறோம். ஒன்றுமில்லை என்று சொல்லத் திரும்பி வந்த அந்த ஆறு நடைகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

அந்த ஆறு நடைகளையும் நடந்தவர் ஒருவரைத் திருச்சபையின் வரலாற்றில் காண்கிறோம். இயேசு சபைக் குருவான பெனிதோ வீனியேஸ் 1870இல் கியூபாவின் ஹவானா நகருக்கு வந்து, பெலென் கல்லூரியின் வானிலைக்கூடத்தை 1893இல் இறக்கும் வரை நடத்தினார். செயற்கைக்கோள் இல்லாத காலம். வானின் உச்சியில் இறகுபோல் விரியும் வெண்முகில்கள் எத்திசையிலிருந்து கிளம்புகின்றன என்று நாள்தோறும் குறித்து, கண்ணுக்குத் தெரியாத புயலின் இருப்பிடத்தைக் கணித்தார். 1875 செப்டம்பர் 11 அன்று அவர் எச்சரிக்கை வெளியிட்டார். இரு நாள் கழித்துப் புயல் கியூபாவைத் தாக்கியது. மணிலாவில் அதே சபையின் பெதரிகோ ஃபவுரா 1879இல் இப்பணியைச் செய்தார். இவர்கள் அறிவாளிகள் என்பதைவிட, அறிந்ததைத் தந்தியிலும் நாளிதழிலும் ஏற்றிக் கடலோடிகளின் கையில் சேர்க்க உழைத்தவர்கள் என்பதே நம்மைத் தொடுகிறது.

இனி நம் உள்ளத்தை உறுத்தும் செய்திக்கு வருவோம். உரோமைத் திருப்பலி நூலில் பல்வேறு தேவைகளுக்கான மன்றாட்டுகள் உள்ளன. மழை வேண்டி ஒன்று. நல்ல வானிலை வேண்டி ஒன்று. புயல் விலக வேண்டி ஒன்று. மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. இப்பள்ளத்தாக்கின் பங்குகளில் பணியாற்றிய ஆண்டுகளில் நாம் எடுத்தது பெரும்பாலும் முதல் மன்றாட்டையே. கடலோரப் பங்குகளின் குருக்கள் மூன்றாவதைத் தேடி ஏட்டைப் புரட்டியிருப்பார்கள். நாம் கேட்கும் மழையும் அவர்கள் அஞ்சும் புயலும் பிறப்பது ஒரே கடலில், பல வேளைகளில் ஒரே சுழலில்.

2017 நவம்பர் 29 அன்று இலங்கையை அடுத்த கடலில் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலைக்குள் கன்னியாகுமரிக்கு அருகே ‘ஒக்கி’ப் புயலாகிவிட்டது. பல நாள் தங்கலுக்கு ஆழ்கடல் சென்றிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை எனக் கடற்கரைப் பங்குகள் அழுதன. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் புதைக்க ஒன்றுமின்றி இரங்கல் திருப்பலி ஒப்புக்கொடுப்பது எத்தகையது என்று மலைநாட்டுக் குருக்களாகிய நாம் அதுவரை எண்ணியதில்லை. அதே நாள்களில் அதே புயல் தென்மாவட்டங்களின் மலைகளில் பெருமழை பொழிந்தது. நீர்நிலைகளில் வெள்ளம் வந்தது, மகிழ்ந்தோம். டிசம்பர் 3, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. வீட்டுத்தலைவர் வரும் நேரம் தெரியாததால் வாயில் காப்பவன் உறங்காதிருக்க வேண்டும் என்னும் மாற்கு நற்செய்திப் பகுதி அன்றைய வாசகம். ஒவ்வோர் ஆத்துமாவும் தன் இறுதிக்காக விழித்திருப்பதைப் பற்றியே அதுவரை அதற்கு விளக்கம் சொல்லி வந்தோம். அன்று அந்த வாயில்காப்போன் பிறருக்காகவன்றோ விழித்திருக்கிறான் என்று தோன்றியது. வீட்டில் உறங்குபவர்கள் வேறு, விழித்திருப்பவன் வேறு.

அதன்பின் மழை வேண்டி மன்றாடும் திருப்பலிகளில், கடலில் இருப்போருக்காக ஒரு விண்ணப்பத்தையும் சேர்த்து வருகிறோம். முதன்முறை சேர்த்தபோது, இரண்டு ஏக்கர் நெல் வைக்கும் பெரியவர் ஒருவர் அறைவீட்டு வாசலில் வந்து நின்றார். “சாமி, புயல் வேண்டாம்னு கேட்டா, மழையும் சேர்ந்து நின்னுபோகாதா?” என்றார். விளையாட்டாகக் கேட்கவில்லை. இறையியல் படித்த நாம் உடனே விடை சொல்ல இயலவில்லை; கடலின் படத்தைக் காட்டி, சுழல் அடங்கிக் கிடந்தால் நமக்கும் நல்லது அவர்களுக்கும் நல்லது என்று விளக்கினோம். அவர் நெடுநேரம் அப்படத்தைப் பார்த்தார்.

மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடையும் ஜூன் முதல் நாளில்தான் தொடங்குகிறது. நாட்டுப் படகுகளுக்கு அத்தடை இல்லை. இதையும் அவரிடம் சொல்லியிருந்தோம். அடுத்த ஆண்டு மே மாதக் கடைசியில் வந்தவர், அணையில் எத்தனை அடி என்று கேட்குமுன், “கடல்ல ஏதாவது தெரியுதா சாமி? சின்னப் படகுக்காரங்க கரைக்கு வந்துட்டாங்களா?” என்றார்.