அழுத ஆண்டவர்

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். எங்க கும்மிடிப்பூண்டி பக்கம் மழையும் களையெடுப்பும் ஒண்ணா நெருக்குற சமயம். ஆனாலும் அன்னைக்கு நாங்க வயலுக்குப் போறதில்ல. சிப்காட் கம்பெனிக்குப் போற பசங்ககூட ஷிப்ட் மாத்திக்கிட்டு வந்துடுவாங்க. கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிச்சு, பூ வெச்சு, மெழுகுவத்தி ஏத்துவோம். சாமியார் ஒவ்வொரு கல்லறையா தீர்த்தம் தெளிச்சு மந்திரிப்பாரு.

அண்ணன் இறந்தப்போ வந்தவங்க எல்லாரும் அண்ணிகிட்ட, "அழாதம்மா, கடவுள் சித்தம்"னுதான் சொன்னாங்க. அண்ணி அழவே இல்ல, சாப்பிடவும் இல்ல. அந்த வருஷக் கல்லறைத் திருநாள்ல சாமியார் யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தைச் சொன்னார். இலாசரை அடக்கம் பண்ணி நாலு நாள் ஆயிடுச்சு. அவரை உயிரோட எழுப்பப் போறது இயேசுவுக்குத் தெரியும். இருந்தும் சகோதரி மரியா அழறதைப் பார்த்து அவரும் அழுதாரு.

"ஆண்டவரே அழுதிருக்காரு. நீ ஏம்மா அடக்குற?"

அன்னைக்குத்தான் அண்ணி வாய்விட்டு அழுதாங்க. ராத்திரி ரெண்டு வாய் சோறும் இறங்குச்சு.

விசுவாசம் துக்கத்தை எடுத்துடாது. துக்கத்துல கூட உக்கார ஒருத்தர் இருக்காருன்னு காட்டுது. இப்பல்லாம் அண்ணி எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் "அழாதே"ன்னு சொல்றதில்ல. பக்கத்துல உக்காந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு, சேர்ந்து அழறாங்க.