ஒரு மணிப் பீரங்கி

துயரச் செய்தியை உரியவரிடம் எப்போது சொல்வது, எவ்வாறு சொல்வது என்னும் கேள்விக்கு விடை தேடி நான் பல நூல்களைப் புரட்டியதுண்டு. ஆயினும் அதை எனக்குக் கற்பித்தது நான் ஒருபோதும் கண்டிராத ஒரு நகரம். ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவே அது. சனி, ஞாயிறு விடுமுறையில் தன் நண்பர்களைக் காண அங்கே சென்று வந்த என் மாணவன் ஒருவன் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன். இதில் என் பிழையும் கலந்திருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

2006-ஆம் ஆண்டு ஜூன் மாதம். சிறு வயதில் என்னிடம் அரபி எழுத்தறிந்த அம்மாணவன் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நியூகாசில் நகரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். ஒரு வியாழக்கிழமை, சுப்ஹுத் தொழுகை முடித்து வீடு திரும்பிய அவனுடைய தந்தையார் திடீரென வஃபாத்தானார்கள். அன்று அஸருக்குப் பின் நல்லடக்கமும் ஆயிற்று. எத்துணை விரைந்து புறப்பட்டாலும் அவனால் ஜனாஸாவுக்கு வந்து சேர்ந்திருக்க இயலாது. மறுநாளோ அவனுக்கு இறுதித் தேர்வு. "ஆலிம்சா என்ன சொல்கிறார்களோ அப்படியே செய்யலாம்" என்று அவன் தாயார் உள்ளிருந்து சொல்லியனுப்பினார்கள். "தேர்வு முடியட்டும்" என்றேன். அப்போது நான் முப்பதுகளில் இருந்தேன். ஒரு குடும்பமே என் சொல்லுக்குக் காத்திருந்ததில் எனக்குள் சிறு பெருமையும் இருந்திருக்க வேண்டும்.

வெள்ளியன்று மாலை தேர்வு முடிந்து அவன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினான். "வாப்பா எங்கே?" என்று கேட்டவனிடம், "வாப்பா உறங்குகிறார்கள்" என்றார் அவன் மாமா. தனி அறையில் இருப்பவனிடம் தொலைபேசியில் எப்படிச் சொல்வது என்று எல்லாரும் என் முகத்தையே பார்த்தனர். எடின்பரோவில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவர் படித்துக்கொண்டிருந்தனர். சிறுபிராயம் முதல் அவனோடு ஒரே பாயில் அமர்ந்து ஓதியவர்கள். அவர்களிடம் செய்தியைச் சொல்லி, அவனை வரவழைத்து நேரில் சொல்லுமாறு கேட்டுக்கொண்டேன்.

அவனுக்கு ஐயம் தோன்றாதிருக்க நானும் அவனோடு பேசினேன். அல்-பிரூனி அவர்கள் இயற்றிய 'அல்-ஆஸாருல் பாக்கியா' என்னும் நூலின் பழம்பிரதியொன்று எடின்பரோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஹிஜ்ரி 707-இல், அதாவது 1307-ஆம் ஆண்டளவில், ஓவியங்களுடன் எழுதப்பட்டது அது. பல சமுதாயத்தார் நாளையும் ஆண்டையும் கணக்கிட்ட முறைகளை ஆராயும் நூல். "தம்பி, அதைப் பார்க்க முடியுமா என்று விசாரித்து வா" என்றேன். கற்ற கல்வியைப் பொய்க்குப் போர்வையாக்கினேன்.

சனிக்கிழமை காலை அவன் ரயிலேறினான். ஒன்றரை மணி நேரப் பயணம். வலப்புறம் கடல் கூடவே வந்ததாம். பெர்விக் என்னுமிடத்தில் ட்வீட் ஆற்றை உயரமான கற்பாலத்தின் மேல் கடந்தபோது ஊர்க் கடற்கரை நினைவுக்கு வந்து, 'வாப்பாவை ஒருமுறை இங்கே அழைத்து வர வேண்டும்' என்று எண்ணிக்கொண்டானாம். இதை அவன் பிற்பாடு சொன்னபோது நான் தலைகுனிந்திருந்தேன்.

வேவர்லி ரயில் நிலையம் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. முன்னாளில் அப்பள்ளத்தாக்கின் ஒரு பகுதி ஏரியாக இருந்ததாம். ஒரு பக்கம், பாறையின் மேல் நிற்கும் கோட்டையும் அதிலிருந்து சரிந்திறங்கும் பழைய நகரும். மறு பக்கம், 1767-இல் வகுத்த திட்டப்படி நேர்நேரான வீதிகளுடன் எழுந்த புதிய நகர். நண்பர்கள் இருவரும் நடைமேடையிலேயே காத்திருந்தனர். வழக்கத்துக்கு மாறாக மூத்தவன் அவனை நெடுநேரம் ஆரத் தழுவிக்கொண்டான். 'நெடுநாள் பிரிவல்லவா!' என்றே இவன் கருதினான்.

பிரின்சஸ் வீதியில் நடந்துகொண்டிருந்தபோது வானம் இடிந்தாற்போல் ஒரு வெடியோசை. இவன் துள்ளி விழுந்தான். அவ்வூரார் திரும்பியும் பார்க்கவில்லை. சிலர் மட்டும் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டனர். கோட்டையிலிருந்து ஞாயிறு நீங்கலாக நாள்தோறும் பகல் ஒரு மணிக்கு வெடிக்கும் பீரங்கி அது. தன் அச்சத்தை எண்ணி இவன் வாய்விட்டுச் சிரித்தான். நண்பர்களும் சிரிக்க முயன்றனர்.

பின்னர் கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை இறங்கும் நெடுவீதியில் நடந்தனர். இரு மருங்கிலும் உயர்ந்த கல் வீடுகள். அவற்றிடையே ஆள் ஒதுங்கும் அளவே அகலமுள்ள முடுக்குகள். அங்கிருந்து கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தனர். அதன் அருகே தூண் மேல் ஒரு சிறு நாயின் சிலை இருக்கிறது. 1858-இல் இறந்த தன் எசமானின் கல்லறையை, தான் 1872-இல் சாகும் வரை பதினான்கு ஆண்டுகள் அந்நாய் காத்துக் கிடந்தது என்பது அவ்வூரார் வழக்கு. அக்கதையில் ஐயம் கொண்ட ஆராய்ச்சியாளரும் உண்டு. இவனுக்கோ குகைத் தோழர்களின் நாயைப் பற்றி நான் சொல்லித் தந்த பாடம் நினைவுக்கு வந்தது. "வாயில்லாப் பிராணிக்கு இருக்கும் பற்றைப் பாருங்கள்" என்றான். இளைய நண்பன் அப்பால் சென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுததை இவன் காணவில்லை.

ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணி அளவில்தான் பொழுது அடைகிறது. அவ்வெளிச்சத்தில் ஆர்தர்ஸ் சீட் என்னும் குன்றில் ஏறினர். அணைந்துபோன எரிமலையின் எச்சம் அது. உயரம் 251 மீட்டர். உச்சியில் வைத்துச் சொல்லிவிட எண்ணிய மூத்தவனுக்கு நா எழவில்லை. இறங்கி வந்தபின், அடிவாரத்துக் குளக்கரைப் புல்லில் இவனை நடுவில் இருத்தி, இருவரும் இருபுறமும் அமர்ந்து, கையைப் பற்றிக்கொண்டு சொன்னார்கள். குளத்தில் அன்னங்கள் நீந்திக்கொண்டிருந்தன என்பது மட்டுமே அந்த வேளையில் தனக்கு நினைவிருப்பதாக அவன் கூறினான்.

பல்கலைக்கழகத்தின் அருகே 1998-இல் திறக்கப்பெற்ற பள்ளிவாசல் இருக்கிறது. மக்ரிப் தொழுதபின் மூவரும் அங்கே ஒரு ஸஃப்பாக நின்று, நம் ஷாஃபிஈ மத்ஹபு அனுமதிக்கும் முறைப்படி காயிப் ஜனாஸாத் தொழுகை நிறைவேற்றினர். காரணம் கேட்டறிந்த முன்பின் தெரியாத சிலரும் உடன் நின்றனராம். பின்னர் வீட்டுக்குத் தொலைபேசி செய்தான். இங்கே அப்போது நள்ளிரவு கடந்து இரண்டரை மணிக்கு மேலிருக்கும். முதல் மணியிலேயே அவன் உம்மா எடுத்தார்கள். மூன்று இரவுகளாக அவர்கள் உறங்கவில்லை. மகனிடம் மறைத்த துயரம் கணவரை இழந்த துயரத்தோடு சேர்ந்து அவர்களை அழுத்தியிருந்தது என்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மறுநாள் ஞாயிறு. பீரங்கி வெடிக்கவில்லை. அறையில் அடைந்து கிடக்கவிடாமல் நண்பர்கள் அவனைக் கால்டன் குன்றுக்கு அழைத்துச் சென்றனர். அங்கே 1826-இல் தொடங்கி 1829-இல் பொருளின்றி நின்றுபோன நினைவு மண்டபமொன்று பன்னிரண்டு தூண்களோடு நிற்கிறது. அதனருகே நெல்சன் கோபுரம். கடலிலுள்ள கப்பல்கள் நேரம் அறிவதற்காக, நாள்தோறும் ஒரு மணிக்கு அக்கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து கீழே விழும்படி 1852-இல் ஏற்பாடு செய்தனராம். மூடுபனி நாளில் பந்து கண்ணுக்குப் புலப்படாது. ஆகவேதான் 1861 முதல் பீரங்கியும் வெடிக்கலானது. பேச்சுக்காக நண்பன் இதைச் சொன்னான். இவன் மனத்தில் அது தைத்துவிட்டது.

சில வாரங்கள் கழித்து ஊர் வந்தவன், தந்தையாரின் கப்ரை ஸியாரத் செய்துவிட்டு நேரே என்னிடம் வந்தான். எடின்பரோவில் கண்டவற்றையெல்லாம் அமைதியாகச் சொல்லி முடித்தபின் கூறினான்:

"உஸ்தாத், நீங்கள் என் தேர்வைக் காப்பாற்றினீர்கள். ஆனால் வாப்பா மண்ணுக்குள் போன மூன்றாம் நாளில் நான் நடுவீதியில் நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் எங்கே கொண்டு போய் வைப்பேன்? பனி மூடியிருந்தால் ஓசையாவது எழுப்ப வேண்டாமா? எல்லாரும் சேர்ந்து எனக்குப் பனியாக நின்றுவிட்டீர்களே!"

எத்தனையோ கிதாபுகளை ஓதிய என்னிடம் அதற்கு மறுமொழி இருக்கவில்லை. "என்னை மன்னித்துவிடு தம்பி" என்றேன். ஆசிரியனாக நான் ஒரு மாணவனிடம் மன்னிப்புக் கேட்டது அதுவே முதல் முறை. அவன் என் கையைப் பற்றிக்கொண்டான். "அவர்கள் இருபுறமும் உட்கார்ந்தார்கள் உஸ்தாத். அது மட்டும் இல்லையென்றால் நான் என்னாகியிருப்பேனோ!" என்றான்.

எண்ணிப் பார்க்கின், நான் செய்தவற்றில் ஒன்று பிழை, ஒன்று சரி. காலம் தாழ்த்தியது பிழை. தேர்வு எழுதுவதா, விடுவதா என்று முடிவு செய்யும் உரிமை அவனுடையது. தந்தையை இழந்த மகனின் துயரத்தில் இரண்டு நாளைக் கழித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. கருணை என்று நான் பெயரிட்டது, அவன் அழுகுரலைக் கேட்க எனக்கிருந்த அச்சமே. ஆனால், அவன் தனித்திருக்கையில் செய்தி சேராமல், தோழர்கள் அருகிருக்கச் சேர்ந்ததே, அது நன்று. அந்தத் தோழர்களையே வியாழன் இரவு ரயிலேற்றி அவனிடம் அனுப்பியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை.

அல்-பிரூனியின் நூலைப் பற்றி அப்பயணத்தில் அவன் விசாரிக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், தன் மகனோடு என்னைக் காண வந்தபோது, அப்பிரதியின் ஒரு பக்கத்தைப் படமாகக் கொண்டு வந்து தந்தான். "நீங்கள் விசாரிக்கச் சொன்னீர்களே உஸ்தாத்" என்று புன்னகைத்தான். 'எஞ்சி நிற்கும் சுவடுகள்' என்பது அந்நூற்பெயரின் பொருள். தன் பாட்டனாரின் சாயலோடு அச்சிறுவன் என் முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.

இன்றும் எங்கள் ஊரில் துயரம் நேர்ந்த வீடுகளில், வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு எப்போது சொல்வது என்று என்னைக் கேட்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: "அங்கே அவனருகில் போய் உட்கார யார் இருக்கிறார்கள்? அவர்களை இப்போதே அனுப்புங்கள். இன்றே சொல்லச் சொல்லுங்கள்."