அப்பாவின் மூச்சுக் கணக்கு

பால் கலாநிதியின் ‘வென் பிரெத் பிகம்ஸ் ஏர்’ புத்தகத்தை மூன்றாம் முறையாகப் படித்து முடித்தேன். மூளை அறுவை மருத்துவர். 36 வயதில் நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவருகிறது. 2015 மார்ச்சில், 37 வயதில் போய்விட்டார். மகளுக்கு அப்போது எட்டு மாதம். புத்தகம் மறு ஆண்டுதான் வந்தது. கடைசிப் பகுதியை மனைவி லூசி எழுதியிருக்கிறார். முதல் முறை அழுதுகொண்டே படித்தேன். இந்த முறை தலைப்பைத் தாண்டவே நேரமாயிற்று. மூச்சு எந்த நொடியில் வெறும் காற்றாகிறது?

சிறுவயதில் சிதம்பரத்தில் அப்பா என்னைத் தோளில் ஏற்றிப் பொன்னம்பலத்தின் கூரையைக் காட்டினார். “மொத்தம் 21,600 ஓடுன்னு ஐதீகம். நாம ஒரு நாளைக்கு விடற மூச்சும் அத்தனைதான்.” திரும்பும் ரயிலில் ஊதுவத்தி அட்டையைப் பிரித்து, உட்பக்கத்தில் 15, 60, 24 என்று எழுதிப் பெருக்கச் சொன்னார். விடை வந்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்று பிற்பாடு பாடப்புத்தகத்தில் படித்தேன். 15 அதற்குள் அடங்குகிறது. அது எதையும் நிரூபிக்காது என்று இன்று தெரியும். ஆனால் அந்தச் சிலிர்ப்பு பொய்யில்லை.

கலாநிதியும் இளமையில், எல்லாவற்றையும் அறிவியலே விளக்கிவிடும் என்றிருந்தவர்தான். பிறகு, பிள்ளைப் பருவத்துக் கிறிஸ்தவ நம்பிக்கைக்கே திரும்பினார். அறிவியலைத் தள்ளிவிட்டல்ல, தன் ஸ்கேன் படங்களைத் தானே பார்த்துப் படித்துக்கொண்டுதான். அந்தப் பகுதி எனக்குப் போதவில்லை. இன்னும் விரித்து எழுத அவருக்கு நாள் கிடைத்திருக்கக் கூடாதா!

அப்பாவின் கடைசி இரவில், கைக்கடிகாரத்தைக் கழற்றி விளக்கருகே பிடித்தபடி அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். யாரும் எண்ணச் சொல்லவில்லை. மெல்லத் தொடங்கும், ஏறும், ஆழமாகும். பிறகு தேய்ந்து தேய்ந்து நின்றுவிடும். நானும் மூச்சை அடக்கிக் காத்திருப்பேன். இருபது நொடி. இருபத்தைந்து. மறுபடியும் ஒரு சின்ன இழுப்பு. செயின்–ஸ்டோக்ஸ் சுவாசம் என்று இதற்குப் பெயர் உண்டு. டப்ளினில் மருத்துவம் பார்த்த ஜான் செயின் 1818இலும், வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இலும் எழுதிவைத்தது. இப்படி மூச்சு நின்ற இடைவெளியில், ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால்தான் மூளைத்தண்டு அடுத்த மூச்சைத் தூண்டும். மாதங்கள் கழித்து இதைப் படித்தபோது, யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அப்பாவுக்கு முன்னாலும் எத்தனையோ பேர் இப்படித்தான் மூச்சு விட்டிருக்கிறார்கள். எவரோ பக்கத்திலிருந்து கவனித்திருக்கிறார்கள்.

விடியும் நேரத்தில் ஓர் இடைவெளி நாற்பது நொடியைத் தாண்டியது. அம்மா விபூதி எடுத்து அப்பா நெற்றியில் பூசினாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிடம் ஆகியும் நிறுத்தவில்லை. அம்மாதான் என் கையிலிருந்து கடிகாரத்தை வாங்கி, மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.